கல்லுப் படிப்பு, மாட்டு டாக்டர்... உங்கள் படிப்புக்கு ஊர் வைத்த பெயர் என்ன?

நான் படித்தது ஜியாலஜி. புத்தகத்தில் நிலவியல், எங்கள் தெருவில் கல்லுப் படிப்பு. பெயர் வைத்தது அப்பத்தா. களப்பயணத்துக்குக் கிளம்பிய அன்று என் பையிலிருந்து சுத்தியல் எட்டிப் பார்த்ததைக் கண்டு, "கல்லுடைக்கவாடா காலேஜுக்குக் காசு கட்டுறோம்?" என்றாள். சாயங்காலத்துக்குள் டீக்கடையில் ஜல்லி விலை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். படித்த மாமா ஒருவர் ஜியாகிராபி என்று நினைத்துக்கொண்டு கல்யாண வீட்டில் மங்கோலியாவின் தலைநகரம் கேட்டார். (தெரிந்திருந்தது தற்செயல்தான்.)

அரியலூர்ப் பக்கம் போய், ஆட்டுக்கொம்பு மாதிரிச் சுருண்ட அம்மோனைட் புதைபடிவம் ஒன்று கொண்டுவந்தேன். அங்கே கடல் இருந்த காலத்து உயிர், 6.5 கோடி வருஷத்துக்கும் முந்தியது என்று அப்பத்தாவிடம் காட்டினேன். கையில் வாங்கி கனம் பார்த்துவிட்டு ஊறுகாய் ஜாடி மூடிமேல் வைத்துவிட்டாள். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

பல்லாவரத்துக் கல்லுக்குத்தான் கொஞ்சம் காது கொடுத்தாள். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனி துரையின் சமாதிக்கல் சென்னைப் பக்கத்துப் பாறை. அதை ஆராய்ந்த நிலவியலாளர் ஹாலண்ட் 1893-ல் அந்தப் பாறைவகைக்கே சார்னாகைட் என்று பெயர் வைத்தார். அப்பத்தா கேட்டாள்: "கல்லு நம்மூரு, பேரு மட்டும் செத்தவனுதா?"

*

கல்லாவது பரவாயில்லை, நான் மாட்டு டாக்டர். ஐந்தரை வருஷப் படிப்பில் நாய், கோழி எல்லாம் உண்டு. ஊருக்கு மாடு மட்டும்தான் கண்ணில் படும். முதல் வருஷ லீவில் எதிர்வீட்டு அத்தை சினை பிடிக்காத பசுவோடு வாசலில் வந்து நின்றார். அதுவரை நான் படித்திருந்தது எலும்புகளின் பெயர். அவரையாவது சமாளித்தேன். பெரியப்பா தன் மூட்டுவலிக்கு, "மாட்டுக்குப் போடுற ஊசியே எனக்கும் போடும்மா, உடம்பு தாங்கும்" என்றார். போடவில்லை என்று இன்னும் வருத்தம் அவருக்கு.

*

ட்ரிபிள் ஈ, அதாவது எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங். வேறென்ன, ஃபியூஸ் போடுற படிப்பு. தெருவில் கரண்ட் போனால் என்னைத்தான் முறைப்பார்கள். ஹாஸ்டலில் மெக் பசங்க பட்டறை, சிவில் பசங்க கொத்தனார். எங்கள் அறையில் ஒருவனின் அப்பா நிஜக் கொத்தனார். "அவருக்குத் தூக்குக்குண்டு பிடிக்கத் தெரியும், இவனுங்களுக்குத் தெரியுமா?" என்று அவன் ஒருநாள் கேட்டான். அப்புறம் அந்தப் பெயரை நாங்கள் சொல்லவில்லை.

*

புத்தகம் அடுக்குற படிப்பு, அதாவது நூலக அறிவியல். பெண் பார்க்க வந்த இடத்தில், "அடுக்குறதுக்கு எதுக்கும்மா மாஸ்டர் டிகிரி?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. விடுவேனா? சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார், முதலில் அலுத்துப்போய் கணக்குக்கே திரும்பப் பார்த்தார், லண்டன் போய்ப் படித்தபிறகு மனம் மாறி 1933-ல் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார் என்று பஜ்ஜி ஆறும் வரை சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆக, அவரும் அடுக்கத்தான் செஞ்சிருக்கார்" என்றார்.

இப்போது என் மாமனார். அவர் பீரோவை மட்டும் நான் தொடுவதில்லை.