‘ஜானே பீ தோ யாரோ’: பாதிப் பேர் சிரித்தார்கள், ஒரு பெரியவர் எழுந்து போனார். பிழை யாருடையது?

முத்தியால்பேட்டை வாசகர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வாசகர் வட்டத்தின் சார்பில் மாதம் ஒரு படம் திரையிடுகிறோம். ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டரில் காட்டுவோம். முப்பது பேர் வந்தால் அதுவே திருவிழாக் கூட்டம். இம்மாதம் குந்தன் ஷா இயக்கத்தில் 1983இல் வெளிவந்த ‘ஜானே பீ தோ யாரோ’ என்னும் இந்திப் படத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். ஆகவே வந்த வினைக்கும் நானே பொறுப்பு.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்றைய பம்பாயில் புதிதாக ஸ்டூடியோ திறந்து ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் இரண்டு புகைப்படக்காரர்கள், ஒரு பத்திரிகை ஆசிரியைக்காக வேவு பார்க்கப் போய், ஒப்பந்தங்களுக்காக மாநகராட்சி ஆணையரை மாறி மாறிக் குளிர்விக்கும் இரண்டு கட்டட முதலாளிகளின் சண்டைக்குள் சிக்கிக்கொள்கிறார்கள். பூங்காவில் எடுத்த ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதில் ஒரு கொலை பதிவாகியிருக்கிறது. கொல்லப்பட்டவர் அந்த ஆணையர்தான். அதற்குப் பிறகு எல்லாரும் பிணத்தைத் துரத்துகிறார்கள்; பிணமோ ஊரெல்லாம் சுற்றுகிறது. கடைசியில் அதற்குச் சேலை கட்டித் திரௌபதியாக மேடையில் நிறுத்திவிடுகிறார்கள். அங்கே நடந்துகொண்டிருப்பது துகிலுரிதல் நாடகம்.

ஒரே அறைக்குள் இருவர் ஆளுக்கொரு தொலைபேசியை வைத்துக்கொண்டு பேசும் காட்சியில் மாடியே அதிர்ந்தது. குடிபோதையில் இருக்கும் முதலாளி சவப்பெட்டியைப் பழுதாகி நிற்கும் கார் என்று நினைத்து, உள்ளே கிடப்பவரிடம் நலம் விசாரித்துத் தன் காரில் கட்டி இழுத்துச் செல்லும் இடத்திலும் அப்படியே. ஆனால் சரிபாதிப் பேர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. திரௌபதி காட்சி தொடங்கிச் சில நிமிடங்களில் எங்கள் வட்டத்தின் மூத்தவர், ஆண்டுதோறும் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொள்பவர், டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் இறங்கிப் போய்விட்டார். சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் படிக்கட்டில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது.

மறுநாள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. பெரியவருக்கு அங்கதம் புரியவில்லை என்று இளைஞர்கள் எழுதினார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர், இது பேர்பெற்ற படம் என்பதற்காகச் சிரித்தார்கள் என்று மற்றவர்கள் எழுதினார்கள். எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். மொழி தெரியாமல் ஆங்கில எழுத்தைப் படித்துக்கொண்டு பார்த்ததால் நேர்ந்த குறையா, படத்துக்கு வயதாகிவிட்டதா, அல்லது இந்தக் கூட்டத்துக்கு இந்தப் படத்தைக் காட்டியதே தவறா?

கெடிலக்கரை எழுதியது:

ஐயா, அந்தப் பெரியவருக்குப் புரியவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாடியில் இருந்தவர்களில் அந்தக் காட்சி முழுதாகப் புரிந்தவர் அவர் ஒருவராகவே இருக்கக்கூடும்.

நான் குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஊர்க்காரன். எங்கள் ஊரில் பாரதம் நடக்கும் நாட்களில் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார், இரவில் கூத்து. எனக்குப் பத்து வயதிருக்கும்போது பார்த்த துகிலுரிதல் இரவு இன்னும் கண்ணில் நிற்கிறது. கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் அன்று யாரையும் விட்டுவைக்கவில்லை. துரியோதனனின் புஜக்கட்டை இரவல் என்றான். திருதராட்டிரனுக்குக் கண் தெரியாதது ஊர்த் தலைவருக்கு எவ்வளவு வசதி என்று விளக்கினான். கூத்துக்குப் பணம் தராதவர்களின் பெயர்களைச் சபையிலேயே வாசித்தான். வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தோம். துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கைவைப்பதற்கு முன்பு அம்மன் இருந்த திசையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து மன்னிப்புக் கேட்டார். கற்பூரம் ஏற்றினார்கள். முகவீணை ஒரே சுரத்தில் நின்றது. கட்டியக்காரன் குல்லாவைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டான். விடாமல் சிரித்துக்கொண்டிருந்த என் தலையில் பாட்டி ஒரு குட்டு வைத்து, “இப்ப சிரிக்கக் கூடாது” என்றாள்.

அந்தப் படத்தில் குல்லாவைக் கழற்றும் கணம் வரவே வராது. முதலாளி ஒருவர் வீமனாக வந்து நிற்கிறார். துரியோதனன் வேடத்தில் இருப்பவரே துகிலுரியும் எண்ணத்தைக் கைவிட்டதாகச் சபையில் அறிவிக்கிறார். கண் தெரியாத மன்னர் என்ன நடக்கிறது, என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். வேறொரு நாடகத்திலிருந்து அக்பர் வேறு வந்து சேர்கிறார். சிரித்தே தீர வேண்டிய காட்சி. ஆனால் சேலைக்குள் இருப்பவர் யார் என்பதை இளைஞர்கள் கவனித்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். லஞ்சம் வாங்கி, அந்த லஞ்சத்தாலேயே செத்த ஓர் அதிகாரியின் பிணம் அது. மேடையில் திரௌபதியின் மானத்துக்காகக் குரல் கொடுக்கிறவர்கள் தருமத்துக்காகக் கொடுக்கவில்லை, பிணம் தங்கள் கையைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று கொடுக்கிறார்கள். இதைவிடக் கூரான அங்கதத்தை அண்மைக் காலப் படங்களில் நான் பார்த்ததில்லை. இயக்குநர் கேலி செய்தது திரௌபதியை அல்ல.

இருந்தாலும் பெரியவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் கூத்திலும் சேலைக்குள் இருப்பவர் மீசை மழித்த ஆண்தான். ஆனால் வேஷம் கட்டிய பிறகு உள்ளே யார் என்று நாங்கள் கேட்பதில்லை. அந்தக் கணத்தில் அது அம்மன். காப்புக் கட்டியவர் கண்ணால் பார்த்தால் உள்ளே பிணம் இருக்கிறது என்ற சமாதானம் சமாதானமே ஆகாது, குற்றத்தைக் கூட்டவே செய்யும்.

நீங்கள் புதுச்சேரிக்காரர் என்பதால் இன்னொன்றையும் சேர்க்கிறேன். பாரதியார் குடியிருந்த வீடு உங்கள் ஊரில் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் இருக்கிறது. பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இல் வெளிவந்தபோது அவர் புதுச்சேரிவாசி. அதில் வீதியில் நின்ற மக்களை நெட்டை மரங்கள் என்று ஏசுகிறார். அவர்கள் புலம்பவாவது செய்தார்கள். இந்தப் படத்தின் நாடகக் கொட்டகையில் புலம்பக்கூட ஆளில்லை.

இரண்டாம் அனல்மின் நிலையம் எழுதியது:

நான் நெய்வேலியில் வளர்ந்தவன். எண்பதுகளின் இறுதியில் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு வடநாட்டுக் குடும்பத்தோடு தூர்தர்ஷனில் இதே படத்தைப் பார்த்தேன். அவர்கள் உருண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவர்கள் சிரித்ததால் சிரித்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. பிறகு இந்தி நன்றாகப் படித்து, வடக்கே பதினோரு ஆண்டு வேலை பார்த்துவிட்டு, 2012இல் மெருகேற்றிய பிரதி திரையரங்குகளுக்கு வந்தபோது மறுபடியும் பார்த்தேன். மொழி தடையாக இல்லை. அப்போதும் எனக்குச் சிரிப்பு வந்த இடங்கள் நான்கைந்துதான். ஆகவே எல்லாப் பழியையும் ஆங்கில எழுத்தின் மேல் போடாதீர்கள்.

என் குறை இதுதான். படத்தின் முதல் ஒரு மணி நேரம் இழுவை. ஒரு வேடிக்கை முடிந்த பிறகும் கேமரா அங்கேயே நின்று, இன்னும் கொஞ்சம் சிரியுங்கள் என்று கெஞ்சுகிறது. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் ஏழு லட்சத்துக்கும் குறைவான பணத்தில் எடுத்தது, நசீருதீன் ஷாவும் ஓம் புரியும் பங்கஜ் கபூரும் சில்லறைச் சம்பளத்துக்கு உழைத்தது, வெளியானபோது கூட்டமில்லாமல் போனது, தொலைக்காட்சியில் வந்த பிறகு தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடப்பட்டது என்று அதைச் சுற்றி ஒரு பரிவு வளர்ந்துவிட்டது. அந்தப் பரிவில் நாம் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் படத்தைப் பற்றிய கதையைப் பார்க்கிறோம். சிரிக்காதவனுக்கு ரசனை இல்லை என்று ஒரு முத்திரை வேறு.

அங்கதம் நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் அதை நேராகத் தாக்கும் செம்பொருள், மறைத்துத் தாக்கும் பழிகரப்பு என்று இரண்டாகவே பிரித்துவிட்டது. தொண்டைமானிடம் தூது போன ஔவை, உன் வேல்கள் மாலை சூடி நெய் பூசிப் பளபளக்கின்றன, எங்கள் மன்னனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொல்லிப் பாட்டின் பத்து அடிக்குள் எழுந்து வந்துவிட்டாள். அமெரிக்காவில் குடிநீர் வேறு, சாக்கடை நீர் வேறு என்று இப்படத்தின் ஆணையர் வியந்து பேசும் இடம் அந்தத் தரத்தில் இருக்கிறது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஔவை பிணத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓடவில்லை.

கடலூர் சைட் சூப்பர்வைசர் எழுதியது:

எனக்கு இலக்கணம் தெரியாது. கட்டட வேலையில் இருபது வருடங்கள் இருக்கிறேன். இங்கே யாரும் படத்தின் முடிவைப் பற்றிப் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நாடக மேடையில் அவ்வளவு ஓட்டமும் முடிந்த பிறகு, முதலாளிகளும் புது ஆணையரும் பத்திரிகை ஆசிரியையும் கூடிப் பேசிக்கொண்டு, இடிந்து விழுந்த மேம்பாலத்தின் பழியை அந்த இரண்டு புகைப்படக்காரர்கள் தலையில் கட்டிவிடுகிறார்கள். வெல்வோம் ஒருநாள் என்ற பாட்டு ஒலிக்க, இருவரும் கைதி உடையில் பம்பாய்த் தெருவில் நடந்து வந்து, நம்மைப் பார்த்துக் கழுத்தை அறுப்பதுபோலச் சைகை காட்டுகிறார்கள். படம் அவ்வளவுதான். உங்கள் மாடியில் அந்த இடத்தில் யார் சிரித்தார்கள், யார் சும்மா இருந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் தானே புயல் எங்கள் கரையைக் கடந்தது. மறுநாள் நாங்கள் கட்டி ஓராண்டுகூட ஆகாத ஒரு சுற்றுச்சுவரைப் பார்க்கப் போனேன். நாற்பது அடி நீளத்துக்குப் படுத்துக் கிடந்தது. புயலில் விழுந்த சுவர் என்று விட்டுவிடலாம்தான். பக்கத்தில் ஐம்பது வருடப் பழைய சுவர் நின்றுகொண்டிருந்தது. உடைந்த காங்கிரீட்டில் ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். பொரி உருண்டைபோல உதிர்ந்துவிட்டது. கம்பி இருக்க வேண்டிய இடத்தில் கம்பி இருந்தது, ஆனால் எழுதிய கனத்தில் இல்லை. வேலை அளவுகளைப் பதியும் எம் புக்கில் எல்லா அளவும் முத்து முத்தாகச் சரியாக இருந்தது. விசாரணை நடந்தது. கலவையில் தண்ணீரைக் கூட்டிவிட்டார் என்று மேஸ்திரியின் மேல் முடிந்தது. அவர் நெல்லிக்குப்பம் பக்கத்து ஆள்; அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. அந்த எம் புக்கில் ஒரு பக்கத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.

ஆகவே இந்தப் படத்தின் முதல் பாதியில் என்னால் நன்றாகச் சிரிக்க முடிகிறது. அது முதலாளிகளைப் பற்றியது. முடிவில் முடிவதில்லை. நெய்வேலி நண்பர் சொல்வதுபோல அது இழுவையாகக்கூட இருக்கட்டும். அந்தச் சைகை யாரைப் பார்த்து என்பது எனக்குத் தெரியும்.

கெடிலக்கரை எழுதியது:

கடலூர் நண்பரே, குல்லாவைக் கழற்றும் கணம் வரவே வராது என்று நான் எழுதியது தவறு. திரௌபதி காட்சியில் அதைத் தேடி ஏமாந்தேன். அது கடைசியில் இருக்கிறது. பாட்டி குட்டும்வரை சிரித்துக்கொண்டிருந்த பையனைப் போல நானும் அதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். நெய்வேலி நண்பருக்கு: ஔவை தூது போனது ஒரே ஒரு தொண்டைமானிடம். இந்தப் பட இயக்குநருக்கு ஊர் முழுக்கத் தொண்டைமான்கள். ஓடாமல் என்ன செய்வார்?

முத்தியால்பேட்டை வாசகர் எழுதியது:

பதில்களுக்கு நன்றி. கடலூர் நண்பர் கேட்டதற்கு விடை: அந்த இடத்தில் மாடியில் ஒருவரும் சிரிக்கவில்லை. விளக்கைப் போட்ட பிறகு கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி “இவ்வளவுதானா?” என்று கேட்டாள். படம் பிடிக்காமல் கேட்கிறாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது அந்தக் கேள்வி வேறு மாதிரி கேட்கிறது.

நேற்று மாலை பெரியவரை வீட்டில் போய்ப் பார்த்தேன். கெடிலக்கரையாரின் பாட்டி கதையைப் படித்துக் காட்டினேன். சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “பிணத்துக்குச் சேலை கட்டும்போதே எழுந்திருக்க வேண்டும் தம்பி, நாலு நிமிஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அதனால்தான் எழுந்து போனேன்” என்றார். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. முடிவில் என்ன ஆகிறது என்று அவராகவே கேட்டார். சொல்லாமல் வந்துவிட்டேன்.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை, நாடகக் காட்சி முடிந்த இடத்திலிருந்து கடைசிப் பகுதியை மட்டும் மறுபடியும் காட்டலாம் என்று இருக்கிறோம். பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆங்கில எழுத்து வேண்டாம். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, பிரசங்கியாரைப்போல வசனத்தைத் தமிழில் சொன்னால் போதும். நெய்வேலி நண்பர்தான் இந்தி அறிந்தவர். பிடிக்காத படத்துக்கு அவரைக் குரல் கொடுக்கக் கேட்பது முறையா என்று தெரியவில்லை.

இரண்டாம் அனல்மின் நிலையம் எழுதியது:

வருகிறேன். பிடிக்காதவன் சொன்னால்தான் வசனத்தில் சர்க்கரை சேராது. ஆனால் இழுவையான இடத்தில் இழுவை என்றும் சொல்லிவிடுவேன். நெய்வேலிக்குக் கடைசிப் பேருந்து கிளம்புவதற்கு முன் முடித்துவிடுங்கள்.