முதல் கோழிக்கூடு: பத்தில் ஆறு மிஞ்சிய காலையும் அதற்குப் பின்னும்

கோழி வளர்க்கும் நம் குழுவில் முட்டைக்குச் சேவல் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள், அதோடு என் முதல் கூட்டின் கதையையும் சேர்த்தே எழுதுகிறேன். எங்கள் வீடு அறந்தாங்கிப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை, இரண்டு தென்னை, ஒரு கிணறு, அவ்வளவுதான் கொல்லை. 2022 ஆனியில் நாற்பத்தைந்து நாள் வளர்ந்த கிராமப்பிரியாக் கோழி பத்து வாங்கினேன். முட்டைக்காக ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய ரகம் இது, கொல்லையில் விட்டு வளர்க்கலாம், வெளிர்பழுப்பு முட்டை இடும். நம் நாட்டுக்கோழி வருடத்துக்கு அறுபது எழுபது முட்டை இட்டாலே பெரிது. இது நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருநூறு வரை போகும் என்று சொன்னதால் இதையே எடுத்தேன். ரகத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் யோசித்தேன், கூட்டுக்கு யோசித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும்.

ஐந்தடிக்கு ஆறடி, சவுக்குக் கம்பு, மேலே ஓலை வேய்ந்து அதற்கு மேல் பழைய தகரம், பக்கவாட்டில், கடையில் விற்கும் அறுகோணக் கண் கோழிவலை. ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி தரை வேண்டும் என்பது கணக்கு, பத்துக்கு இருபது போதும், என்னுடையது முப்பது, அதனால் இடத்தில் குறையே இல்லை. காற்று வரட்டும் என்று கூரைக்கும் வலைக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி விட்டிருந்தேன். கோழிக்கு மூச்சுக்காற்று முக்கியம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், அது சரிதான், ஆனால் அந்த இடைவெளிக்கு வலை அடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆடி கடைசியில் ஒரு நாள் விடியற்காலை தண்ணீர் வைக்கப் போனேன். வழக்கமாக என் கால் சத்தம் கேட்டதுமே கூட்டுக்குள் கொக்கொக்கென்று ஆரம்பித்துவிடும். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. கதவைத் திறந்தால் தரையில் பரப்பியிருந்த உமி முழுக்க இறகு, மூன்று கோழிகள் அங்கங்கே கிடந்தன, கழுத்தில் மட்டும் கடி, உடம்பில் வேறு காயம் கிடையாது. ஒன்றைக் காணவே காணோம். மிச்சம் ஆறும் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன, நான் கையை நீட்டியும் நகரவில்லை. ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டபோது அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது என் உள்ளங்கையில் தெரிந்தது. அழுதுவிட்டேன், சொல்வதில் என்ன இருக்கிறது.

பக்கத்து வீட்டு அப்பத்தா வந்து பார்த்துவிட்டு, முதலில் தரையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். “மரநாய்த்தா. மேல வழியாத்தான் வந்திருக்கு, தென்னையில இருக்கும்” என்றார். மரநாய் என்பது நாய் இல்லை, மரம் ஏறும் பூனை மாதிரி ஒரு விலங்கு. ஓலை நுனியில் நசுங்கின அடையாளம் இருந்தது. நான்கு விரல் இடைவெளியில் இத்தனை பெரிய உயிர் எப்படி நுழையும் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை, ஆனால் தலை நுழைந்தால் உடம்பு நுழைந்துவிடும் என்று அப்பத்தா சொன்னது அப்படியே மனதில் நின்றுவிட்டது. விஷம் வைக்கச் சொன்னவர்களும் உண்டு. செய்யாதீர்கள், வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம், அதோடு அந்த விஷத்தை உங்கள் தெருப் பூனையும் தின்னும், உங்கள் கோழியும் கொத்தும்.

அந்த வாரமே கூட்டைப் பிரித்துவிட்டேன். இப்போது இருப்பது அரை இஞ்ச் சதுரக் கண் வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை), கூரை இடைவெளி உட்பட ஒரு இடம் விடாமல். அறுகோண வலை கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும், வெளியே இருப்பது உள்ளே வராமல் இருக்க உதவாது, நாய் நான்கு முறை பிராண்டினால் கிழிந்துவிடும். கீழே ஒன்றரை அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து வலையை இறக்கி ஜல்லி போட்டு மூடியிருக்கிறேன், பெருச்சாளிக்காக. நீளவாக்கு கிழக்கு மேற்காக வைத்தோம், அப்போதுதான் காலை வெயிலும் சாயங்கால வெயிலும் நீளப்பக்கமாக உள்ளே அடிக்காது. கதவுக்கு வெறும் கொக்கி இல்லை, தாழ்ப்பாள், அதற்கு மேல் ஒரு வளையக் கம்பி. வலைக்கு மட்டும் மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. கோழிக்குக் கொடுத்ததைவிட அதிகம். முதலிலேயே கொடுத்திருந்தால் அந்த நாலும் இருந்திருக்கும்.

அடுத்தது கழிச்சல் நோய். இதைத்தான் இங்கே நிறைய பேர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஆறாகக் குறைந்ததும் கூடு வெறிச்சென்று இருக்கிறதே என்று சந்தையில் மூன்று நாட்டுக்கோழி வாங்கிவந்து அன்று சாயங்காலமே கூட்டில் விட்டேன். ஐந்தாம் நாள் அதில் ஒன்று இறக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றது. மறுநாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. சின்ன வெங்காயம், சீரகம், கீழாநெல்லி, மஞ்சள் எல்லாம் அரைத்து உருட்டிக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் காலங்காலமாகச் செய்வதுதான், இரை எடுக்காத கோழிக்கு அது ஒரு தெம்பு, ஆனால் வெள்ளைக்கழிச்சல் ஒரு வைரஸ், வந்த பிறகு அதை நிறுத்த மருந்து கிடையாது. பத்து நாளில் சந்தைக் கோழி மூன்றும் போயின, என்னுடையதில் ஒன்றும் போனது. அது கடைசி இரண்டு நாள் கழுத்தைத் திருகி முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டே நின்றது. அந்த நோய்க்கு அது ஒரு முக்கிய அடையாளம் என்று கால்நடை டாக்டர் சொன்னார்.

அவர் கேட்ட முதல் கேள்வி, “எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி போட்டீர்களா?” என்பது. வாங்கின இடத்தில் ஏழாம் நாள் சொட்டுமருந்து, நாலாவது வாரம் லசோட்டா என்ற கழிச்சல் தடுப்பு மருந்து எல்லாம் கொடுத்துத்தான் தந்தார்கள், அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. எட்டு வாரத்துக்கு மேல் இறக்கைத் தோலுக்கடியில் அரை மில்லி போடும் ஆர்2பி ஊசிதான் நீண்ட நாள் காப்பாற்றும். அரசு கால்நடை மருந்தகத்தில் போடுகிறார்கள். பிப்ரவரியில் ஊர் ஊராக இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமும் நடத்துகிறார்கள். ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிக்கு மருந்து இருக்கும், கலக்கினால் சீக்கிரம் தீர்த்தாக வேண்டும், அதனால் எங்கள் தெருவில் எல்லார் கோழியையும் கூடையில் போட்டு ஒரே நாளில் கொண்டுபோகிறோம். புதிதாக எது வந்தாலும் கிணற்றடியில் தனியாகப் பஞ்சாரக் கூடையில் மூன்று வாரம். என் கோழிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் அதற்கு வைப்பேன், மாற்றிச் செய்ய மாட்டேன்.

சரி, முட்டைக்கு வருகிறேன். ஐந்தரை மாதத்தில் முதல் முட்டை. புறா முட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, ஓட்டில் மெல்லிய ரத்தக்கோடு. பயப்பட வேண்டாம், முதல் சில முட்டை அப்படி வரும். அதற்கு முன்னாலேயே கொண்டை சிவந்து, பக்கத்தில் போனால் இறக்கையை விரித்துக் குந்த ஆரம்பிக்கும், அப்போது முட்டைப்பெட்டி தயாராக இருக்க வேண்டும். ஓரடிக்கு ஓரடி, நான்கைந்து கோழிக்கு ஒன்று போதும், இருட்டாக இருக்கட்டும், வைக்கோல் போடுங்கள். அடையும் கம்பு பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரி பெட்டியிலேயே அடைந்து எச்சம் போட்டு வைக்கும்.

இரண்டாவது மாதம் தோல்முட்டை வந்தது. ஓடே இல்லாமல் தொட்டால் குழைகிற மாதிரி. காரணம் நான்தான், தீவனச் செலவைக் குறைக்கச் சோறும் குருணையுமே போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு முட்டை ஓட்டுக்கு இரண்டு கிராம் போலச் சுண்ணாம்புச்சத்து போகிறது, அந்த ஓடு உருவாக இருபது மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி இரவில். அதனால் சாயங்காலம் அடைவதற்கு முன்னால் உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கொட்டாங்குச்சியில் வைக்கிறேன், வேண்டியது கொத்திக்கொள்ளும். முட்டைக்கோழித் தீவனம் நாளுக்கு நூறு நூற்றிருபது கிராம், கீரைத்தண்டு, அப்புறம் மேய்ச்சல். இரண்டு வாரத்தில் ஓடு கெட்டியானது.

அடைமழையில் ஒரு பிரச்சினை. ஐப்பசியில் உமி ஈரமாகி நெடி ஏறிவிட்டது. நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து கோழி உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோனபோதுதான் கண் எரிந்தது, அவை இரவு முழுக்க அதில்தான் மூச்சு விடுகின்றன. இப்போது ஒரு கைப்பிடி உமியை அள்ளிப் பிடித்துப் பார்ப்பேன், உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், மாற்ற வேண்டும் அல்லது சுண்ணாம்புத்தூள் தூவிக் கிளறிவிட வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் நல்லது.

சேவல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை, குஞ்சுக்குத்தான் வேண்டும். என்னிடம் இல்லை.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதிய பதில்:

அக்கா எழுதினதைப் படித்ததும் எங்கள் தோப்பு ஞாபகம் வந்துவிட்டதுங்க. எங்களுக்கு மரநாய் தொல்லை இல்லை, கீரிதான். கீரி பகலில் வருவது, ராத்திரிக்கு எவ்வளவு பந்தோபஸ்து செய்தாலும் பிரயோஜனம் இல்லை. காலையில் ஆறு மணிக்குத் திறந்துவிட்டு நான் பால் ஊற்றப் போய்விடுவேன், அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஒவ்வொன்றாகப் போனது. ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். வாய்க்கால் கரைப் புல்லுக்குள்ளிருந்து தலை மட்டும் வெளியே வருகிறது, கோழி கிளறிக்கொண்டே அந்தப் பக்கம் போகும் வரைக்கும் அசையவே இல்லை.

இப்போது பத்து மணிக்கு முன்னால் திறப்பதில்லைங்க. அதில் இன்னொரு லாபம், முட்டை பெரும்பாலும் காலையிலேயே இட்டுவிடும், அதனால் எல்லாம் பெட்டியிலேயே கிடைக்கிறது. முன்பெல்லாம் ஒன்று கேறிக்கொண்டே வரும், எங்கே இட்டது என்றே தெரியாது, பத்து நாள் கழித்து மட்டைக் குவியலுக்கடியில் எட்டு முட்டை கிடக்கும். வாய்க்கால் கரைப் புல்லையும் பத்தடிக்குச் செதுக்கிவிட்டேன், வெட்டவெளியைத் தாண்டி வரக் கீரி யோசிக்கிறது. அப்புறம் கரையான், பழைய பானையில் சாணி, கிழிந்த சாக்கு, ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்துச் சாயங்காலம் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறைய இருக்கும். குஞ்சுக்கு அதைவிட நல்ல இரை எனக்குத் தெரிந்து இல்லை.

தாம்பரத்திலிருந்து இன்னொருவர்:

மாடியில் ஆறு கோழி. எனக்கு வந்த சோதனை, முட்டையைக் கோழியே உடைத்துக் குடிக்க ஆரம்பித்தது. எது என்று கண்டுபிடிக்க நாலு நாள் ஆனது, அலகு ஓரத்தில் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் பிடித்தேன். அறுத்துவிடு என்று மாமியார் சொன்னார், எனக்கு மனசு வரவில்லை. பெட்டி முன்னால் சாக்குத் திரை போட்டு இருட்டாக்கினேன், ஒரு நாளைக்கு மூன்று முறை முட்டை எடுத்தேன், பெட்டியில் மரத்தில் கடைந்த முட்டை ஒன்றை வைத்தேன். கொத்திக் கொத்திப் பார்த்து ஒரு மாதத்தில் விட்டுவிட்டது. மே மாதத்தில் கூரைமேல் ஈரச்சாக்கு, தண்ணீர்ப் பாத்திரம் இரண்டு மடங்கு. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே கவனியுங்கள், வெயிலில் அரை மணியில் விழுந்துவிடும். கோழிச்செல்லுக்கு (இறகுக்குள் வரும் பேன்) ஒரு பழைய டயருக்குள் மணலும் அடுப்புச் சாம்பலும் போட்டு வைத்திருக்கிறேன், அவையே புரண்டு குளித்துக்கொள்கின்றன.

மறுபடியும் அறந்தாங்கி:

தாம்பரம் அக்கா, அந்த டயர் யோசனையை நாளைக்கே செய்கிறேன். பொள்ளாச்சி அண்ணன் சொன்ன பத்து மணிக் கணக்கும் நியாயமாகத்தான் படுகிறது, நான் இதுவரை ஏழு மணிக்குத் திறந்துகொண்டிருந்தேன்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். தீவன மூட்டையை வாய் திறந்து வைக்காதீர்கள். எலி வந்தது, எலிக்குப் பின்னால் பாம்பு வந்தது. முட்டை எடுக்கப் பெட்டிக்குள் கையை விடப் போனேன், வைக்கோல் மெல்ல நகர்ந்தது, நல்லவேளை டார்ச் அடித்துப் பார்த்தேன், நல்லபாம்பு சுருண்டு கிடந்தது. இப்போது தீவனம் மூடி போட்ட டிரம்மில். பார்க்காமல் கையை விடுவதே இல்லை, பிள்ளைகளை முட்டை எடுக்க அனுப்புவதும் இல்லை.

இப்போது என்னிடம் பதினொன்று இருக்கின்றன, பழைய ஐந்தும் அதில் சேர்த்தி. முட்டை குறைந்துவிட்டது என்று அவற்றை விற்கச் சொல்கிறார்கள், விற்கப் போவதில்லை. அப்பத்தா கொடுத்த சிறுவிடை நாட்டுக்கோழி ஒன்று அடைக்கு உட்கார்ந்திருக்கிறது, சித்தி வீட்டிலிருந்து சேவல் சேர்ந்த முட்டை பதின்மூன்று வாங்கி வைத்தோம், ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்று அப்பத்தா எண்ணி எண்ணி வைத்தார், இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று கூடையில் ஒரு இரும்புத் துண்டும் கரியும் போட்டிருக்கிறார். ஏழாம் நாள் இருட்டில் செல்போன் லைட்டில் வைத்துப் பார்த்ததில் பத்தில் சிவப்பு நரம்பு ஓடியது. இன்று பதினெட்டாம் நாள். குஞ்சுக்கான கூண்டில் மேலேயும் பக்கத்திலும் அரை இஞ்ச் வலை அடித்தாயிற்று, ஏழாம் நாள் சொட்டுமருந்துக்கு டாக்டரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.