ஹெட்லைட்ட மாத்துறதா, முன்னாடி டிரைவிங் லைட்டு போடுறதா? மதுரை டூ ஆண்டிபட்டி ராத்திரி ஓட்டத்துக்கு

வைகைக்காரன்:
வணக்கம்ணே எல்லாருக்கும். நம்மகிட்ட இருக்கது 2013 மாடல் சின்ன கார், எச்4 பல்பு. அம்மா ஆண்டிபட்டில தனியா இருக்காங்க, சனிக்கிழம கடைய அடைச்சுட்டு குடும்பத்தோட கிளம்புனா செக்கானூரணி தாண்டுறப்பவே நல்லா இருட்டிரும். போன வாரம் உசிலம்பட்டிக்கு அங்கிட்டு, கணவாய் வர்றதுக்கு முன்னாடி, வைக்கோல் ஏத்துன டிராக்டர் டிரெய்லர் ஒண்ணு பின்னாடி ஒரு சிவப்பு ஸ்டிக்கர்கூட இல்லாம ஓரமா நிக்கிது, எதுத்தாப்ல பஸ்ஸு வருது, அந்த வெளிச்சத்துல டிரெய்லர் எனக்கு தெரியவே இல்ல, கடைசில பிரேக்க ஏறி மிதிச்சதுல பின்சீட்டுல தூங்கிட்டு இருந்த சின்னவ முன்சீட்டுல வந்து இடிச்சு உதடு கிழிஞ்சிருச்சு. அன்னைக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்ல. அக்சசரி கடைல மூணு வழி சொல்றாய்ங்க, எல்ஈடி பல்பு, வாட்டு கூடுன 100/90 ஹாலஜன், இல்லன்னா பம்பர்ல ரெண்டு டிரைவிங் லைட்டு. எது போடலாம்னு சொல்லுங்க.

வெள்ளை வெளிச்சம்:
எல்ஈடி போடுங்க ப்ரோ, வேற யோசனையே வேணாம். நான் மூணு வருஷமா ஓட்டுறேன். ஹாலஜன் மஞ்சளா மங்கலா இருக்கும், இது பகல் மாதிரி. கரண்டும் கம்மியாத்தான் இழுக்கும், வயர வெட்டி ஒட்டுற வேலையும் இல்ல, பழசக் கழட்டிட்டு இத சொருகுனா முடிஞ்சது. இப்ப வர்ற புது வண்டில பாதி எல்ஈடிதான், கம்பெனிக்காரன் தெரியாமயா போடுறான்?

பால்வண்டி:
தம்பி, அந்த பகலு எங்க மூஞ்சிலதான் விடியுது. நான் மேலூர் பக்கம், விடிகாலம் 4 மணிக்கு டிவிஎஸ் எக்ஸெல்ல ரெண்டு பக்கமும் கேன் தொங்கவிட்டு 18 வருஷமா ஓட்டுறேன். போன கார்த்திகைல இதே மாதிரி வெள்ள லைட்டு போட்ட கார் ஒண்ணு எதுத்தாப்ல வந்துச்சு, கண்ணு அப்படியே இருண்டு போச்சு, தார் எங்க முடியுது மண்ணு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாம எறங்கி, வண்டி சாஞ்சு, ஒரு கேன் பாலு மண்ணோட போச்சு. மூடி மட்டும் ரோட்டு நடுவுல உருண்டு போயி சுத்திக்கிட்டு கெடந்துச்சு. கார்க்காரர் நிக்கல, நிக்காம போனதுகூட தப்பில்ல, அவருக்கு நடந்ததே தெரிஞ்சிருக்காது. உங்க புள்ளைக்கு அடிபட்டது எனக்கும் வருத்தம்தாங்க வைகைக்காரரே, ஆனா அதுக்கு மருந்து எங்க கண்ண அவிக்கிறதா இருக்கக்கூடாது.

ரிலே ராசா:
நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன், 22 வருஷம் இதே வேல. மொதல்ல ஒரு எச்4 பல்ப கழட்டி கையில வச்சுப் பாருங்க, கண்ணாடிய தொடாம, அடிப்பக்கத்த புடிச்சு. உள்ள ரெண்டு கம்பி இருக்கும், ஒண்ணு ஹை பீமுக்கு 60 வாட்டு, இன்னொண்ணு லோ பீமுக்கு 55. லோ பீம் கம்பிக்கு கீழ மட்டும் சின்ன கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும். அந்த கரண்டிதான் கீழ போற வெளிச்சத்த மறைச்சு, ரிஃப்ளெக்டர் கிண்ணத்தோட மேல் பாதில மட்டும் பட வச்சு, ரோட்ட பாத்து எறக்குது. கம்பி ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலே வெளிச்சம் மாறிரும். எல்ஈடில கம்பிக்கு பதிலா ரெண்டு பக்கமும் தட்டையா சிப்பு, அது எப்படி ஒட்டினாலும் கம்பி மாதிரி சுத்திச் சுத்தி ஒளி விடாது. புது கார்ல வர்ற எல்ஈடிக்கு லென்ஸும் கிண்ணமும் அதுக்குன்னே சேத்து செஞ்சது. ஹாலஜன் கிண்ணத்துல எல்ஈடிய சொருகறது வேற கத.

100/90ம் வேணாம் தம்பி. 55 வாட்டுக்கு நாலரை ஆம்பியர் போற வயர்ல 90 வாட்டு போட்டா ஏழரை போகும், ஹோல்டர் உருகி பழுப்பா ஒட்டிக்கிட்டு வந்தத மாசத்துக்கு ரெண்டு வண்டில பாக்குறேன். ரோட்டுக்கு அது சட்டப்படியும் ஆகாது.

ஒரு மல்டிமீட்டர் எடுங்க. இஞ்சின் ஓட, லைட்டும் எரிய, பேட்டரி வோல்ட்ட பாருங்க, அப்பறம் பல்பு ஹோல்டர்ல பாருங்க. ரெண்டு நம்பரையும் இங்க போடுங்க, மத்தத அப்பறம் பேசுவோம்.

வெள்ளை வெளிச்சம்:
அண்ணே மில்லிமீட்டர் கணக்கெல்லாம் சரி, மூணு வருஷத்துல ஒருத்தன்கூட எனக்கு டிம் அடிச்சுக் காட்டுனது இல்ல. திருமங்கலத்துலேர்ந்து விருதுநகர் போறேன் வர்றேன், ஒரு பிரச்சனையும் இல்ல.

பால்வண்டி:
நாலு வழிச்சாலைல நடுவுல அரளிச் செடி வச்சிருக்கான்ல, அதுதான் உங்க வெளிச்சத்த மறைக்குது. இங்க ஊர் ரோட்டுல அரளியும் இல்ல ஒண்ணும் இல்ல. எக்ஸெல்ல போறவன் என்னத்த டிம் அடிக்க, கண்ண மூடிக்கிட்டு சாமிய கும்பிடத்தான் முடியும்.

மலைப்பாதை:
பல்பு சண்டைய ஓரமா வைங்க. இந்த ரோட்டுக்கு சரியானது டிரைவிங் லைட்டுதான். 80ல போனா நொடிக்கு 22 மீட்டர் போகுது வண்டி, பாத்து கால பிரேக்குக்கு கொண்டு போறதுக்குள்ள 30 மீட்டர் போயிரும், அதுக்கப்பறம் நிக்க இன்னொரு 35. லோ பீம் நல்லா தெரியிறது 50, 60 மீட்டருக்குத்தான். அப்ப டிரெய்லர் தெரியும்போது நீங்க அதுமேல இருப்பீங்க. ரெண்டு 55 வாட்டு ஸ்பாட்டு, ஒரு 30 ஆம்பியர் ரிலே (சின்ன கரண்ட வச்சு பெரிய கரண்ட போட்டு அணைக்கிற சுவிட்சு), 15 ஆம்பியர் ஃபியூஸு, ரிலேக்கு சிக்னல ஹை பீம் வயர்லேர்ந்து எடுக்கணும். டிம் போட்டா அதுவும் சேந்து அணைஞ்சிரும், தனி சுவிட்ச நம்புனா மறந்துருவோம். நான் கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் இப்படித்தான் போறேன். ஃபாக் லைட்டயும் இதயும் போட்டுக் குழப்பிக்காதீங்க, அது கிட்டத்துல அகலமா விரியிறது, இது தூரத்துக்கு ஒடுங்கிப் போறது.

நத்தம் ரோடு:
மலைப்பாதை சார் சொன்ன கணக்க நானும் ஒத்துக்கிறேன், ஆனா அதே கணக்குல 60ல போனா மொத்தமே 45 மீட்டர்ல நிக்கலாம்னும் வருதுல்ல, அத ஏன் யாருமே சொல்லல? வைகைக்காரர் டிரெய்லர பாக்காம விட்டது எதுத்தாப்ல பஸ்ஸு வந்தப்ப. அப்ப ஹை பீமே போட முடியாது, டிரைவிங் லைட்டும் அணைஞ்சுதான் இருக்கும். காசு போட்டும் அந்த ராத்திரிக்கு அது உதவியிருக்காது.

எனக்கு இது வெறும் பேச்சு இல்ல. எங்கப்பாவுக்கு அண்ணாநகர் அரவிந்த் கண்ணாஸ்பத்திரில புரை ஆபரேஷன் பண்றதுக்கு முன்னாடி ஒரு ரெண்டு வருஷம், எதுத்தாப்ல லைட்டு வந்தா கண்ணு முழுக்க வெள்ளையா சிதறுதுடான்னு ரோட்டோரமா வண்டிய நிறுத்திருவாரு. தைப்பூசத்துக்கு நத்தம் திண்டுக்கல் வழியா பழனிக்கு நடந்து போறவங்கள பாத்திருப்பீங்க, ராத்திரி வெறுங்கால்ல, பச்ச வேட்டி, தோள்ல காவடி, முதுகுல ஒரு ஒளிரும் ஸ்டிக்கரு. அவங்க கண்ணுக்கும் இதே வெளிச்சம்தான் போகுது. 1989 மத்திய மோட்டார் வாகன விதில 106ன்னு ஒண்ணு இருக்கு, லைட்டுக்கு 8 மீட்டர் முன்னாடி, ஒன்றரை மீட்டர் உயரத்துல இருக்க கண்ணு கூசக்கூடாதுன்னு. ஒன்றரை மீட்டர்ங்கிறது நடந்து வர்ற ஒரு அம்மாவோட கண்ணு உயரம்.

வைகைக்காரன்:
பாத்துட்டேன் ராசா அண்ணே. பேட்டரில 13.9, ஹோல்டர்ல 12.0. ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட அதேதான். ஹெட்லைட்டு கண்ணாடியும் மஞ்சளடிச்சுப் போயி கெடக்கு, இத்தன நாளா நான் கவனிக்கவே இல்ல.

ரிலே ராசா:
அப்ப வெளிச்சம் வயருக்குள்ளயே செத்துப்போகுது தம்பி. வோல்ட்டு 14 சதம் கொறஞ்சா வெளிச்சம் 14 சதம் கொறையாது, ஹாலஜன்ல 40 சதம் கிட்ட போயிரும். நீங்க இத்தன வருஷமா 55 வாட்டு பல்ப 60 சதம் உசுருலதான் எரிச்சிருக்கீங்க. பேட்டரிலேர்ந்து நேரா தடி வயர் இழுத்து, லோ பீமுக்கு ஒரு ரிலே, ஹை பீமுக்கு ஒண்ணு, ரெண்டுக்கும் தனித்தனி ஃபியூஸு, எர்த்தையும் புதுசா பாடில சுரண்டி முறுக்கிருங்க. பல்பு அதே 60/55, வேணும்னா பிலிப்ஸ், ஒஸ்ராம்ல வர்ற கொஞ்சம் கூடுதல் வெளிச்ச வகைய போட்டுக்கலாம், ஆயுசு மட்டும் கம்மி. கண்ணாடிக்கு 800, 1500, 2000ன்னு தண்ணி தொட்டு உப்புத்தாள் ஓட்டி பாலிஷ் போட்டு மேல யூவி கோட்டிங் அடிக்கணும், கோட்டிங் அடிக்கலன்னா கொஞ்ச மாசத்துல திரும்ப மஞ்சளாயிரும்.

அப்பறம் செவுரு. வண்டிய 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்க, லைட்டு நடு உயரத்துல செவுத்துல ஒரு டேப்பு ஒட்டுங்க, வெளிச்சத்தோட மேல் கோடு டேப்புக்கு 10 சென்டிமீட்டர் கீழ விழணும், இடது பக்கம் மட்டும் லேசா ஏறும், அது நம்ம ஓரத்த காட்டுறதுக்கு. பின்னாடி ஆளும் லக்கேஜும் ஏறுனா முன்பக்கம் தூக்கும், அப்ப ஸ்டியரிங் பக்கத்துல 0, 1, 2, 3ன்னு ஒரு சக்கரம் இருக்குல்ல, அதுல நம்பர கூட்டி வெளிச்சத்த எறக்கணும். அந்த சக்கரம் எதுக்குன்னு தெரிஞ்ச கஸ்டமர் நூத்துக்கு பத்துப் பேருகூட இல்ல.

மலைப்பாதை:
எல்லாம் பண்ணட்டும், ஆனா எதுக்க வண்டியே வராத இருட்டுல, ஆடு மாடு குறுக்க வர்ற ரோட்டுல, தூரத்து வெளிச்சம் தூரத்து வெளிச்சந்தான். அத லோ பீம் தராது. என் பேச்ச நான் மாத்திக்க மாட்டேன்.

பால்வண்டி:
நீங்க டிம் போடுற ஆளு சார், சரி. வாங்கிப் போடுற எல்லாரும் உங்கள மாதிரி ஹை பீம்லேர்ந்தா வயர் எடுக்குறாய்ங்க? தனி சுவிட்ச வச்சுக்கிட்டு ஊருக்குள்ளயும் எரிய விட்டுட்டு வர்றாய்ங்க. அதுனாலதான் எனக்கு அத பாத்தாலே பயம்.

வெள்ளை வெளிச்சம்:
ராசா அண்ணே, நீங்க சொன்ன மாதிரி நேத்து ராத்திரி செவுரு முன்னாடி நிறுத்திப் பாத்தேன். கோடே இல்ல. நடுவுல ஒரு பளீர்னு திட்டு, அதுக்கு மேல பக்கத்து வீட்டு மாடி ஜன்னல் வரைக்கும் வெளிச்சம் பூசுன மாதிரி ஏறிக் கெடக்கு. ஒரு பக்கம் பல்ப புடிச்சிருக்க காலர் வளையத்த திருப்பிப் போட்டு சிப்பு ரெண்டையும் பக்கவாட்டுல வச்சதும் கோடு மாதிரி ஒண்ணு வந்துச்சு, ஆனா மேல இருந்த பூச்சு முழுசா போகல. நாலு வழில எனக்கு இது வசதியாத்தான் இருக்குன்னு இன்னமும் சொல்வேன். ஆனா மேலூர் அண்ணனுக்கு, மன்னிச்சுக்கங்க.

வைகைக்காரன்:
சனிக்கிழம போயிட்டு வந்தாச்சு. ரிலே போட்டதுல ஹோல்டர்ல 13.6 வருது. கண்ணாடிய நானும் பெரியவனும் உக்காந்து தேச்சோம், தண்ணி பால் மாதிரி மஞ்சளா ஓடுச்சு. பின்னாடி மூணு பேரு, சக்கரத்த 2ல வச்சேன். உசிலம்பட்டி தாண்டி 60ல போனேன், அதே எடத்துல ஓரத்து வெள்ளக்கோடும் பனமரமும் முன்னாடியே தெரிஞ்சிச்சு, எதுத்தாப்ல வந்த லாரிக்காரர் ஒருத்தரும் டிம் அடிக்கல. சின்னவளுக்கு பின்சீட்டுலயும் பெல்ட்டு. கணவாய்ல மட்டும், எதுக்க யாருமே இல்லாத அந்த வளைவுகள்ல, ஹை பீம் இன்னும் கொஞ்சம் எட்டுனா நல்லாருக்கும்னு தோணுச்சு, மலைப்பாதை சார் சொன்னது பொய்யில்ல. ரெண்டு மாசம் கழிச்சு ஹை பீமோட சேத்து ஒரு ஜோடி போடலாமான்னு யோசன, ஊருக்குள்ள கவர் மாட்டித்தான் ஓட்டுவேன் பால்வண்டி அண்ணே.

பால்வண்டி:
கவர் மாட்டுறேன்னு சொன்னீங்கள்ல, அது போதும் தம்பி. மாட்டிட்டு ஒரு போட்டோ போடுங்க.

வெள்ளை வெளிச்சம்:
ராசா அண்ணே, பழைய ஹாலஜன் பல்பு வீட்டுல அட்டப்பெட்டில அப்படியேதான் இருக்கு. ரிலே செட்டு போட எவ்வளவு நேரம் ஆகும்?

ரிலே ராசா:
ரெண்டு மணி நேரம். ஞாயித்துக்கிழம காலைல வெயிலுக்கு முன்னாடி கொண்டாங்க, பல்பையும் எடுத்துட்டு வாங்க, கண்ணாடில கை படாம.