டெஸ்ட் கிட் தீர்ந்தால் சாவுக் கணக்கும் மாறுமா?

(எண்ணும்எழுத்தும், கிடங்குக்காரன், சான்றிதழ் என்ற புனைபெயர்களில் மூவர் பேசுவது.)

எண்ணும்எழுத்தும்: பெருந்தொற்றுக் காலத்தில் இறந்தோர் எண்ணிக்கை என்று தினசரி அறிவிப்பு ஒரு கணக்கைச் சொல்கிறது, இறப்புச் சான்றிதழ்களைக் கூட்டினால் வேறு வருகிறது, மிகை இறப்பு (வழக்கத்தைவிடக் கூடுதலாக நடந்த இறப்பு) இன்னொன்று. பொருள் தட்டுப்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கிடங்குக்காரன்: நிறைய உண்டு. பி.சி.ஆர். சோதனைக்கு ஸ்வாப் (மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுக்கும் குச்சி), மாதிரி எடுத்துச்செல்லும் திரவம், வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் கிட், ஃபில்டர் டிப் (திரவத்தை அளந்து எடுக்கும் குழாயின் வடிகட்டி வைத்த முனை) எல்லாம் வேண்டும். ஒன்று குறைந்தாலும் இயந்திரம் சும்மா கிடக்கும். 2020 தொடக்கத்தில் பல ஆய்வகங்களைப் படுத்தியது பிரித்தெடுக்கும் கிட்தான். போதாக்குறைக்கு, 100 பெட்டி தேவைப்படுகிறவர் பயத்தில் 3 விநியோகஸ்தரிடம் தலா 100 கேட்பார். கிட் செய்யும் ஆலைக்கோ தேவை 300 பெட்டி போலத் தோன்றும். முதல் லோடு வந்ததும் மற்ற இரண்டும் ரத்து. உண்மைத் தேவை எவ்வளவு என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

கிட் குறைந்தால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்குத்தான் முதலில் சோதனை. வீட்டிலேயே இறந்தவர் தினசரிக் கணக்கில் வரமாட்டார்.

சான்றிதழ்: சோதனை இல்லாவிட்டாலும் சான்றிதழில் எழுதலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டில் கோவிட் சோதனையில் உறுதியானது யு07.1, அறிகுறியை வைத்து முடிவு செய்தது யு07.2. சான்றிதழின் முதல் பகுதியில் நேரடிக் காரணம் மேலே, அதற்கெல்லாம் மூலமான அடிப்படைக் காரணம் கீழே: அ) கடுமையான மூச்சுத்திணறல், ஆ) நிமோனியா, இ) கோவிட்-19. சர்க்கரை நோய் போன்ற துணைக் காரணம் இரண்டாம் பகுதிக்குப் போகும். பலர் 'இதயம் நின்றுவிட்டது' என்று மட்டும் எழுதிவிடுவார்கள். எல்லாச் சாவிலும் இதயம் நிற்கத்தானே செய்யும்? அது காரணமே இல்லை.

எண்ணும்எழுத்தும்: ஆக்சிஜன் தீர்ந்து ஒருவர் இறந்தால்?

கிடங்குக்காரன்: முதலில் அளவைப் பாருங்கள். மூக்கு வழியாக ஆக்சிஜனை வேகமாகச் செலுத்தும் ஹை-ஃப்ளோ கருவி நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை இழுக்கும். 7,000 லிட்டர் சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. ஒரு லிட்டர் திரவ ஆக்சிஜன் சுமார் 860 லிட்டர் வாயுவாகும். அப்படிப் பத்துப் பேர் முழு ஆக்சிஜனில் இருந்தால் நாளைக்கு ஏறக்குறைய 1,000 லிட்டர் திரவம். தொட்டி நிறைய இருந்தாலும், திரவத்தை வாயுவாக்கும் ஆவியாக்கியின் அளவுக்கு மேல் இழுத்தால் அதில் பனி படிந்து குழாயில் அழுத்தம் விழும்.

சான்றிதழ்: அந்த நோயாளி கோவிட்காரர் என்றால் அடிப்படைக் காரணம் கோவிட்தான். தட்டுப்பாட்டை எழுதத் தனி வரி கிடையாது. படுக்கை கிடைக்காத மாரடைப்பு நோயாளி இதயநோய்க் கணக்கில் போவார். இந்த இருவரையும் சேர்த்துப் பிடிப்பது மிகை இறப்பு மட்டுமே: எக்காரணத்தாலும் நடந்த மொத்த இறப்பிலிருந்து, முந்தைய ஆண்டுகளை வைத்து எதிர்பார்த்ததைக் கழிப்பது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளுக்கு உலக அளவில் சுமார் 1.49 கோடி என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அறிவிக்கப்பட்டவை சுமார் 54 லட்சம். ஆனால் ஊரடங்கில் சாலை விபத்து குறைந்தால் அதுவும் இதிலேயே கழிந்துவிடும். பதிவு தாமதமாகும் இடங்களில் கடைசிச் சில வாரங்கள் எப்போதும் இறங்குமுகமாகத் தெரியும். அந்த வாரங்களை வெட்டிவிட்டுப் பாருங்கள்.