சித்தப்பா, அந்தப் படத்தை அழிச்சிடுங்க!

குழு: வடக்கு வீதி வீட்டார்

மே 11, ஞாயிறு

கயல்: முடிச்சிட்டேன். பெர்சி ஜாக்சன் அஞ்சாவது புக்கும் முடிஞ்சிடுச்சு.

கயல்: இனிமே நான் என்ன பண்றது

அம்மா: கடைசி அம்பது பக்கத்தை ரெண்டு நாளா வச்சு வச்சுப் படிச்சா அண்ணி, தீர்ந்துடுமேன்னு. இப்போ சாப்பிடக்கூட வரல.

தஞ்சாவூர் அத்தை: அந்தத் துக்கம் எனக்குத் தெரியும் கண்ணு. அதுல எது உனக்கு ரொம்பப் பிடிச்சுது? அதைச் சொல்லு, அடுத்தது என்னன்னு யோசிப்போம்.

கயல்: பெர்சிக்கு எழுத்தெல்லாம் இடம் மாறி மாறித் தெரியும் அத்தை. ஸ்கூல்ல மக்குன்னு நினைப்பாங்க. ஆனா அவன் மூளை பழைய கிரேக்கம் படிக்கறதுக்குன்னே அமைஞ்சது, அதனாலதான் இங்கிலீஷ் குழம்புது. அந்த இடத்துல புக்கை மூடிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிரபு: அதை எழுதின ரிக் ரியார்டன் முதல்ல தன் பையனுக்குத் தூங்கப்போற நேரத்துல கதையாத்தான் சொன்னாராம். அந்தப் பையனுக்கும் டிஸ்லெக்சியா, அதே எழுத்துக் குழப்பம்.

கயல்: தெரியும்ணா. அதனாலதான் இன்னும் பிடிச்சுது.

தஞ்சாவூர் அத்தை: அப்போ கல்கியோட பொன்னியின் செல்வன் எடு.

கயல்: அது பெரியவங்க புக் அத்தை. அஞ்சு பாகம்!

பிரபு: இப்போ முடிச்சது எத்தனை?

கயல்: ...அஞ்சு

கயல்: அதுல பிசாசு இருக்கா?

தஞ்சாவூர் அத்தை: கோடிக்கரை சதுப்பு நிலத்துல ராத்திரி கொள்ளிவாய்ப் பிசாசு எரியும். அதைக் காட்டறதுக்கு ஒரு பொண்ணு, கதாநாயகன் வந்தியத்தேவனை இருட்டுல கூட்டிட்டுப் போவா. தன்னந்தனியா கடல்ல படகு ஓட்டற பொண்ணு. வானத்துல வால் நட்சத்திரம், பூமிக்கடியில நிலவறை, ஆள் ஆளுக்கு ஒரு சதி. வேற என்ன வேணும்?

அம்மா: படம் வந்தப்போ சின்னப் பொண்ணு, தியேட்டர்ல பாதியிலயே தூங்கிட்டா. கதை ஒண்ணும் தெரியாது. நல்லதாப் போச்சு. என்னைக் கேட்டா சாண்டில்யனோட கடல் புறாதான் முதல்ல, ஆனா அது இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்.

பிரபு: பாட்டி பக்கத்துல உட்கார்ந்து சொல்றாங்க, அப்படியே டைப் பண்றேன். "1951-ல எனக்கு 9 வயசு. கல்கி பத்திரிகை வந்ததும் எங்கண்ணன் திண்ணையில உட்கார்ந்து சத்தமாப் படிப்பான். எங்கம்மா அடுப்பைத் தணிச்சுட்டு நிலைப்படியில வந்து நிப்பா. எதிர்வீட்டுக்காரங்களும் வருவாங்க. அடுத்த வாரம் வரைக்கும் வந்தியத்தேவன் மாட்டிக்கிட்டே இருப்பான், எங்களுக்குச் சோறு இறங்காது. மணியம் போட்ட படத்தை எல்லாம் வெட்டி வச்சிருந்தேன், கரையான் தின்னுடுச்சு."

பிரபு: இன்னும் இருக்கு. "எனக்கு இப்போ எழுத்து தெரியல. கயலு, தினம் ராத்திரி ஏழரைக்கு போன் பண்ணி ஒரு அத்தியாயம் படிச்சுக் காட்டு."

கயல்: பாட்டி, நான் தமிழ் மெதுவாத்தான் படிப்பேன்

பிரபு: "எனக்கு எங்க ரயிலைப் பிடிக்கணும்?"

தஞ்சாவூர் அத்தை: கல்கியோட எழுத்தெல்லாம் நாட்டுடைமை. மதுரைத் திட்டம்ங்கற இணையதளத்துல இலவசமா இருக்கு, இன்னிக்கே ஆரம்பிச்சுடு. புத்தகம் நான் அனுப்பறேன்.

ஜூன் 14, சனி

கயல்: "புரவி"ன்னா குதிரை, "சிவிகை"ன்னா பல்லக்கு. நேத்து பாட்டிகிட்ட கேட்கவே இல்லை, நானே கண்டுபிடிச்சேன்.

கயல்: தஞ்சாவூர் நிலவறைக்குள்ள மாட்டிக்கிட்டான்! பாட்டி "போதும், நாளைக்கு"ன்னாங்க. நான் விடல. நாலு அத்தியாயம் படிச்சோம்.

காட்டுமன்னார்கோயில் சித்தப்பா: கயலு, முதல் அத்தியாயத்துல ஆடிப் பதினெட்டுக்கு வந்தியத்தேவன் குதிரையில வர்றானே ஒரு ஏரிக்கரை, வீரநாராயண ஏரி, அதுதான் நம்ம வீராணம். முதலாம் பராந்தகனோட பட்டம் வீரநாராயணன், அந்தப் பேரு. நான் தினம் வண்டியில போற கரை.

கயல்: நம்ம வீராணமா?!

காட்டுமன்னார்கோயில் சித்தப்பா: ஆமாம்மா. கொள்ளிடத்துல கீழணைகிட்ட பிரிஞ்சு வடவாறு வழியா ஏரிக்குத் தண்ணி வரும். அங்கேர்ந்து 2004-லேர்ந்து குழாய்ல சென்னைக்கு. உங்க வீட்டுக் குடத்துல அந்த ஏரித் தண்ணியும் இருக்கும்.

அம்மா: எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணி பிடிச்சுப் பார்த்துக்கிட்டு நிக்கிறா.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காட்டுமன்னார்கோயில் சித்தப்பா: (படம்) ஆடிப் பதினெட்டு. வீராணம், காலை 6 மணி.

கயல்: அய்யோ சித்தப்பா. கடல் மாதிரியே இருக்கு. அவன் பார்த்தது இதுதானா.

காட்டுமன்னார்கோயில் சித்தப்பா: அப்படியே உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலுக்கும் போயிட்டு வந்தேன். (படம்) இந்தக் கல்வெட்டுல ஆதித்த கரிகாலனை

பிரபு: சித்தப்பா!!

பிரபு: சித்தப்பா, அந்தப் படத்தை அழிச்சிடுங்க! அவ மூணாவது பாகத்துலதான் இருக்கா!

தஞ்சாவூர் அத்தை: தம்பி, அழி. உடனே அழி.

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

கயல்: ஆதித்த கரிகாலனை என்ன?

அம்மா: ஒண்ணுமில்ல. சாப்பிட வா.

பிரபு: பாட்டி சொல்றாங்க: "மூணு மாசமா நான் வாயைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். கரிகாலன் பேரு வந்தாலே தண்ணி குடிக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கிறேன்."

காட்டுமன்னார்கோயில் சித்தப்பா: தப்புதான் அக்கா. ஆர்வத்துல போட்டுட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கயல்: முடிஞ்சிடுச்சு.

கயல்: ராஜராஜனோட அண்ணன் ஆதித்த கரிகாலனை யார் கொன்னாங்கன்னு கல்கி கடைசி வரைக்கும் தெளிவாச் சொல்லவே இல்லை! பெரிய பழுவேட்டரையர் ஒண்ணு சொல்றார், பழி வந்தியத்தேவன் மேல விழுது. எனக்கு நேத்து தூக்கமே வரல.

தஞ்சாவூர் அத்தை: தம்பி, இப்போ போடு.

காட்டுமன்னார்கோயில் சித்தப்பா: (படம்) பார்த்துக்கோ கயலு. ராஜராஜனோட 2-ம் ஆட்சியாண்டு. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள்னு பேரோட வெட்டியிருக்கு. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன். அவங்க சொத்து, சொந்தக்காரங்க சொத்து எல்லாத்தையும் எடுத்து விக்கச் சொல்லி ராஜா இங்கே இருந்த சபைக்கு அனுப்பின உத்தரவு.

கயல்: ரவிதாசனா?! மந்திரவாதி ரவிதாசன்?!

தஞ்சாவூர் அத்தை: பேரு கல்வெட்டுல இருக்கு. மந்திரவாதி வேஷம் கல்கி போட்டது. கல்வெட்டுல அவங்களுக்கு பிரம்மாதிராஜன்னு அரசு கொடுக்கற பெரிய பட்டமே இருக்கு. வெளியாள் இல்ல, உள்ளேயே இருந்தவங்க. எதுக்குக் கொன்னாங்கன்னு மட்டும் கல்லு சொல்லல. அந்த ஓட்டைக்குள்ளதான் கல்கி நந்தினியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

கயல்: நந்தினி நிஜம் இல்லையா

தஞ்சாவூர் அத்தை: இல்லம்மா.

கயல்: பூங்குழலி?

தஞ்சாவூர் அத்தை: அவளும் கல்கி படைச்சவதான்.

கயல்: ஊமை ராணி? ஆத்துல விழுந்த குழந்தையைத் தூக்கினவங்க? அவங்களும் இல்லைன்னா எப்படி அத்தை

அம்மா: கண்ணு கலங்கிடுச்சு அண்ணி.

தஞ்சாவூர் அத்தை: கயல், கேளு. வந்தியத்தேவன் நிஜம். பெரிய கோயில் கல்வெட்டுல குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரோட தேவின்னே போட்டிருக்கு. இன்னொண்ணு சொல்றேன். கோயிலுக்கு யார் யார் என்ன கொடுத்தாங்களோ எல்லாத்தையும் ஸ்ரீவிமானத்துக் கல்லுல வெட்டச் சொல்றான் ராஜராஜன். முதல்ல நான் கொடுத்தது. அடுத்தது என்ன தெரியுமா? "அக்கன் குடுத்தனவும்". அக்கா குந்தவை கொடுத்தது. அதுக்கப்புறம்தான் ராணிகள் கொடுத்தது, மத்தவங்க கொடுத்தது. அவ்வளவு பெரிய சக்கரவர்த்தி, 'இளவரசி'ன்னு வெட்டச் சொல்லல. அக்கான்னு கூப்பிட்ட மாதிரியே வெட்டச் சொல்லியிருக்கான். ஸ்கூல் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறப்பல்லாம் அந்த வரிகிட்ட நின்னா எனக்குத் தொண்டை அடைச்சுக்கும்.

காட்டுமன்னார்கோயில் சித்தப்பா: எனக்கும்தான் அக்கா.

கயல்: அதை நான் தொட்டுப் பார்க்கலாமா?

தஞ்சாவூர் அத்தை: கல்லு தேயும், தொட வேண்டாம். பக்கத்துல நின்னு படி. அந்தக் கால எழுத்து வேற மாதிரி இருக்கும், ஒரு பேப்பர்ல எழுதித் தர்றேன். ஒவ்வொரு எழுத்தாக் கண்டுபிடிச்சுடலாம்.

கயல்: பெர்சிக்கு பழைய கிரேக்கம் மாதிரி!

அம்மா: காலாண்டு லீவு வருதே. முதல்ல தஞ்சாவூர், அப்புறம் உடையார்குடி, வீராணம். தம்பி, வீட்டுல இருப்பீங்கல்ல?

காட்டுமன்னார்கோயில் சித்தப்பா: நான் எங்க அண்ணி போகப்போறேன். வாங்க.

பிரபு: பாட்டி கேக்கறாங்க: "அதெல்லாம் சரி, இன்னிக்கு ஏழரைக்கு என்ன படிக்கப் போறோம்?"

கயல்: சிவகாமியின் சபதம் பாட்டி. அத்தை அனுப்பிட்டாங்க.

பிரபு: "அது எனக்குப் பாதி மறந்து போச்சு. இந்தத் தடவை எனக்கும் யாரும் முடிவைச் சொல்லாதீங்க."