அவசரம்: ஜெர்மனியில் முகவரிப் பதிவு நடக்கவில்லை, என் பணம் எனக்கே வரவில்லை

நீலக்கடல்22 | ஞாயிறு, இரவு 11:52

யாராவது உடனே பதில் சொல்லுங்கள். எக்ஸ்சேஞ்ச் செமஸ்டருக்கு வந்திருக்கிறேன். அன்மெல்டுங் என்ற முகவரிப் பதிவை முடிக்க முடியவில்லை. நான் இங்கே குடியிருக்கிறேன் என்ற சான்றில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். பதிவுச் சான்று இல்லாமல் வங்கியில் கணக்குத் திறக்க மறுக்கிறார்கள். கணக்கு இல்லாமல், விசாவுக்காக முன்பே போட்டுவைத்து மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய பிளாக்டு அக்கவுண்டில் இருக்கும் பணம் வராது. கையில் கொண்டுவந்த யூரோ கரைந்துகொண்டே இருக்கிறது. வீட்டில் மறுபடி கேட்க மனம் வரவில்லை. இதற்கே அம்மாவின் நகை அடகில் இருக்கிறது. என்ன செய்வது?

எல்லைவாசி | திங்கள், காலை 6:10

எந்த ஊர்? விசா எத்தனை மாதத்துக்கு? தங்கியிருப்பது பல்கலைக்கழக விடுதியா, தனி வீடா? குடிபுகுந்து எத்தனை நாள்? இவற்றைச் சொல்லாமல் பதில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

கணக்கர் | திங்கள், காலை 7:25

பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் வங்கியைப் பிடியுங்கள். 2016 ஜூன் முதல் ஜெர்மனியில் 'பாசிஸ்கோன்டோ' என்ற அடிப்படைக் கணக்குக்குச் சட்ட உரிமை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும், நிலையான முகவரி இல்லாதவருக்கும்கூட அது பொருந்தும். எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்தால் பத்து வேலை நாளுக்குள் வங்கி கணக்குத் தர முன்வர வேண்டும். மறுத்தால் நிதி மேற்பார்வை அமைப்பான பாஃபினிடம் புகார் செய்யலாம். வாய்மொழியாக 'இல்லை' என்றதும் திரும்பி வந்துவிடாதீர்கள், அந்தப் படிவத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பெருந்தச்சன் | திங்கள், காலை 8:02

தம்பி, ஒவ்வோர் அக்டோபரிலும் இதே கேள்வி வருகிறது. நானே எத்தனையோ முறை விளக்கி எழுதியிருக்கிறேன். விமானம் ஏறுவதற்கு முன் அரை மணி நேரம் படித்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். வீடு தந்தவரின் உறுதிச் சான்று 2015 நவம்பர் முதல் கட்டாயம். அதைத் தர மறுப்பவரிடம் அறை எடுக்கவே கூடாது. கையெழுத்து உண்டா என்று கேட்காமலா முன்பணம் கட்டினீர்கள்? விடுதிக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும்.

வெண்பனி | திங்கள், காலை 8:40

முன்பே செய்திருக்க வேண்டியதைச் சொல்லி இப்போது பயன் என்ன? பிள்ளை கையில் காசில்லாமல் நிற்கிறது.

நீலக்கடல், எல்லைவாசி கேட்டதோடு எனக்கும் ஒன்று தெரிய வேண்டும். கையெழுத்துப் போட மறுப்பவர் அந்த வீட்டின் உரிமையாளரா, அல்லது அவரும் வாடகைக்கு இருப்பவரா?

சேலத்து_மாம்பழம் | திங்கள், பகல் 1:15

இதற்கா இவ்வளவு யோசனை? தெரிந்த தமிழர் யாராவது அந்த ஊரில் இருப்பார். அவர் முகவரியில் பதிவு செய்துகொள்ளுங்கள். என் அறைத்தோழன் அப்படித்தான் ஒரு வருடம் ஓட்டினான். ஒருவரும் கேட்கவில்லை.

எல்லைவாசி | திங்கள், பகல் 1:31

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஒருவர் உண்மையில் குடியேறாத முகவரியைப் பதிவுக்காகக் கொடுப்பது தனிக் குற்றம். அதற்கான அபராதம் 50,000 யூரோ வரை போகலாம். சான்று தர மறுக்கும் வீட்டுக்காரருக்கான அபராதத்தின் உச்சமே 1,000 யூரோதான். உதவி செய்ய வந்த தமிழ்க் குடும்பத்தையா இதில் மாட்டிவிடுவது?

சேலத்து_மாம்பழம் | திங்கள், பகல் 1:44

சட்டப் புத்தகத்தில் ஆயிரம் இருக்கும். மாணவர்களிடம் யாரும் 50,000 வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எல்லைவாசி | திங்கள், பகல் 1:58

நீங்கள் கேள்விப்படாததை நம்பி இன்னொருவர் கையெழுத்திட முடியாது. விசாவில் இருப்பவர் பொய்யான முகவரியோடு அரசு அலுவலகத்தில் போய் உட்காரவே கூடாது.

நீலக்கடல்22 | திங்கள், மாலை 6:20

மன்னிக்கவும், வகுப்பில் இருந்தேன். ஊர் ஆகன். விசா மார்ச் கடைசி வரை. வந்து இரண்டு வாரம் தாண்டிவிட்டது. விடுதி கிடைக்கவில்லை. மூன்று அறை வீடு, அதில் ஓர் அறை. அறையைத் தந்தவரும் மாணவர்தான். வேறு ஊரில் பயிற்சிக்குப் போகிறார், பொருள்களை இங்கேயே வைத்திருக்கிறார். வீடு அவர் பெயரில் வாடகைக்கு இருக்கிறது. "நான் உரிமையாளன் இல்லை, நான் கையெழுத்திட முடியாது" என்கிறார். பெருந்தச்சன் ஐயா, நான் தம்பி இல்லை, பெண்.

எல்லைவாசி | திங்கள், மாலை 6:33

ஆகன் என்றால் இன்னொன்றையும் உறுதிசெய்யுங்கள். வீடு ஆகனிலா, வால்ஸிலா? வாடகை குறைவு என்று எல்லைக்கு அந்தப் பக்கம் அறை எடுக்கும் மாணவர்கள் நிறைய. வால்ஸ் நெதர்லாந்து. ஜெர்மன் விசாவில் அங்கே போய்வரலாமே தவிர, செமஸ்டர் முழுவதும் குடியிருக்க முடியாது. ஆகன் பஸ்ஸே அதுவரை போவதால் பலருக்கு எல்லை தாண்டியதே உறைப்பதில்லை.

நீலக்கடல்22 | திங்கள், மாலை 6:36

ஆகனில்தான். ரயில் நிலையத்துக்குப் பக்கம்.

வெண்பனி | திங்கள், இரவு 7:50

அப்படியென்றால் வழி இருக்கிறது, பயப்படாதே அம்மா. நானும் ஆகனில் ஒரு செமஸ்டர் உள்வாடகையில் இருந்தவள்.

சான்றில் கையெழுத்திட வேண்டியவர், உனக்குக் குடியிருக்க இடம் கொடுத்தவர். உரிமையாளராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உள்வாடகையில் அந்த இடத்தில் நிற்பவர் முதன்மை வாடகைதாரர். உன் விஷயத்தில் அது அந்த மாணவரேதான். படிவத்தில் அவர் தன் பெயரையும், தனியாக உள்ள கட்டத்தில் உரிமையாளரின் பெயரையும் எழுத வேண்டும். அந்தக் கட்டம்தான் அவரைப் பயமுறுத்துகிறது என்று நினைக்கிறேன். உரிமையாளரிடம் சொல்லாமல் அறையை விட்டிருப்பார்.

அவரிடம் சண்டை போடாதே. வீட்டின் ஒரு பகுதியை மட்டும் உள்வாடகைக்கு விட, பயிற்சிக்காக வெளியூர் போவதுபோல நியாயமான காரணம் இருந்தால், உரிமையாளரிடம் அனுமதி கேட்க வாடகைதாரருக்குச் சட்டமே உரிமை தருகிறது. இன்றே ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல். பல்கலைக்கழக மாணவர் அமைப்பில் இலவசச் சட்ட ஆலோசனை இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து விசாரியுங்கள்.

அப்போதும் மறுத்தால், சான்று இல்லாமலேயே பதிவு அலுவலகத்துக்குப் போ. பாஸ்போர்ட், விசா, வாடகை ஒப்பந்தம் எடுத்துக்கொள். சான்று கிடைக்காவிட்டால் அதை அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்றுதான் சட்டத்தில் இருக்கிறது. தெரிவித்தால் அவர்களே அவரிடம் கேட்பார்கள். தாமதம் உன் பக்கம் இல்லை என்பதற்கும் அது பதிவாகிவிடும்.

பெருந்தச்சன் | திங்கள், இரவு 8:15

வெண்பனி சொல்வது சரி. ஆனால் மகளே, உரிமையாளர் பிறகு பதிவு அலுவலகத்தில் கேட்டால், தன் வீட்டில் யார் யார் பதிவாகியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவருக்கும் வழி உண்டு. மறைத்துச் செய்துவிடலாம் என்று அந்தப் பையனும் நினைக்க வேண்டாம், நீயும் நினைக்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய தவறு வேறொன்று. எக்ஸ்சேஞ்சுக்கு ஏன் குளிர்கால செமஸ்டரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியதே இல்லை. இங்கே வகுப்பு பிப்ரவரி தொடக்கம் வரை. தேர்வுகள் பிப்ரவரி, மார்ச்சில். ஊரில் அடுத்த செமஸ்டர் டிசம்பரிலோ ஜனவரியிலோ தொடங்கிவிடும். இரண்டு மாதப் பாடம் போய்விடும்.

கணக்கர் | திங்கள், இரவு 8:29

கோடை செமஸ்டர் மட்டும் பொருந்துமா? ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை வகுப்பு. தேர்வு ஆகஸ்டைத் தொடும். ஊரில் ஜூன், ஜூலையிலேயே அடுத்தது தொடங்கிவிடுகிறது. ஏப்ரலில் ஊர்த் தேர்வையும் விட வேண்டும். நாள்காட்டி இரண்டு பக்கமும் இடிக்கத்தான் செய்யும். புறப்படும் முன் லேர்னிங் அக்ரிமென்ட் என்ற பாட ஒப்பந்தத்தில் எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று ஊர்க் கல்லூரியின் கையெழுத்தை வாங்கியிருந்தால் போதும்.

பெருந்தச்சன் | திங்கள், இரவு 8:41

கையெழுத்து இருந்தால் வருகைப் பதிவு வந்துவிடுமா? 75 சதவீதம் இல்லையென்று தேர்வுக்கே உட்கார விடாத கல்லூரிகளைப் பார்த்திருக்கிறேன்.

சேலத்து_மாம்பழம் | திங்கள், இரவு 8:55

வருகையைவிட மதிப்பெண்தான் தலைவலி. இங்கே 1.0 முதலிடம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. என் தம்பி 1.7 வாங்கினான். கல்லூரி அலுவலகத்தில் அதைப் பத்துக்கு 1.7 என்று ஏற்றிவிட்டார்கள். திருத்துவதற்குள் வேலைவாய்ப்பு முகாமே முடிந்துவிட்டது.

கணக்கர் | திங்கள், இரவு 9:07

இதற்குத்தான் இங்குள்ள மதிப்பெண் முறையின் விளக்கத்தையும் சேர்த்து வாங்கி வர வேண்டும் என்பது. ஜெர்மனியில் வெளிநாட்டு மதிப்பெண்ணை மாற்ற பவேரியன் சூத்திரம் இருக்கிறது. அதைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்க்கலாம். 4.0 என்றால் இங்கே கடைசித் தேர்ச்சி. ஊரின் கடைசித் தேர்ச்சிக்கு அதை ஈடாக வைத்துத்தான் மற்றவற்றை நிரப்ப வேண்டும்.

வெண்பனி | திங்கள், இரவு 9:20

இதையெல்லாம் தனியாகப் பேசுங்கள். நீலக்கடல், அந்த மாணவரிடம் பேசினாயா? இன்னொன்று: பிளாக்டு அக்கவுண்ட் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பணம் விடுவிக்கப் பதிவுச் சான்று உண்மையிலேயே வேண்டுமா, கணக்கு எண் மட்டும் போதுமா என்று கேள். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வங்கிக் கணக்கு மட்டும் போதுமென்றால் கணக்கர் சொன்ன வழியையும் கூடவே தொடங்கிவிடு. மாதம் 992 யூரோ உன் பணம், அதற்காக நீ பட்டினி கிடக்கக் கூடாது. சாப்பாட்டுக்கு நெருக்கடி என்றால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்தில் நேரில் போய்ச் சொல். வெட்கப்படாதே.

நீலக்கடல்22 | வெள்ளி, மாலை 4:48

பதிவு முடிந்தது! அவர் உரிமையாளருக்கு எழுதினார், மறுநாளே சம்மதம் வந்துவிட்டது. பிறகு அவரே கையெழுத்திட்டார். தாமதத்துக்கு அபராதம் எதுவும் கேட்கவில்லை. வங்கியில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். வெண்பனி அக்கா, மிக்க நன்றி. எல்லோருக்கும் நன்றி. ஆய்வகத்துக்கு நேரமாகிவிட்டது.

வெண்பனி | வெள்ளி, மாலை 5:05

மிக்க மகிழ்ச்சி அம்மா. இன்றே கீழே போய்த் தபால்பெட்டியில் உன் பெயரை ஒட்டு. வங்கி அட்டை, ரகசிய எண், வரி எண் எல்லாம் தனித்தனிக் கடிதமாக வரும். பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார், மறுபடி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அதன் கடைசித் தேதியையும் பார்த்து வை. ஊர்க் கல்லூரியில் ஜனவரி வகுப்புக்கு என்ன ஏற்பாடு என்று நீ சொல்லவே இல்லையே?

மலைச்சாரல் | ஞாயிறு, காலை 10:12

நானும் இதே நிலையில்தான் இருக்கிறேன். எந்த வங்கி என்று சொல்ல முடியுமா?