மறு: மறு: டிப்ஸ்டிக் – திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கான பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை கோப்பு போயாக வேண்டும். மூன்று நாளாக ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: டிப்ஸ்டிக். எஞ்சினில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று உருவிப் பார்ப்போமே, அந்தக் கம்பி. அது உடைந்தாலோ தொலைந்தாலோ அதே எஞ்சினுக்குப் பொருந்தும் இன்னொன்றை எப்படித் தேடுவது என்று ஓர் இயல் முழுக்கப் பேசுகிறார்கள். சொல் நாற்பது இடத்துக்கு மேல் வருகிறது.

"எண்ணெய் அளவுகோல்" என்று போட்டுப் பாதி தூரம் வந்துவிட்டேன். அப்புறம் ஒரு வரி வந்தது. புதிய டிப்ஸ்டிக்கை அளவுகோல் வைத்து அளந்து பார்க்கச் சொல்கிறது. அளவுகோலை அளவுகோலால் அளக்கச் சொன்னால் படிப்பவர் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிடுவார். உதவுங்கள்.

– மொழிபெயர்ப்பாளன்

———

தம்பிக்கு,

டிப்ஸ்டிக் என்ற சொல்லுக்குத் தலையும் சரியில்லை, வாலும் சரியில்லை. டகரம் மொழிமுதலில் வராது. ககர மெய் மொழியிறுதியில் நிற்காது. நடுவில் மூன்று மெய்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன.

தோய்கோல் என்று வையுங்கள். தோய்ந்த கோல், தோய்கின்ற கோல், தோயும் கோல் என முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. தோய்க்கோல் என்று எழுதிவிட வேண்டாம். சுடுகாட்டை யாரும் சுடுக்காடு என்பதில்லை.

கருவியும் அழகானது. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நான்கு. எண்ணெய் முகந்து அளக்க வேண்டிய பொருள். இந்தக் கோலோ அதன் முகத்தலளவை நீட்டலளவாகக் காட்டித் தருகிறது. இப்படி இரண்டு அளவைக்கு நடுவே நிற்கும் கருவிக்கு ஒரு நல்ல பெயர் கொடுக்கக்கூடாதா?

ஒரு சின்ன உறுத்தல். எள்ளின் நெய்தான் எண்ணெய். எஞ்சினுக்குள் எள் எங்கே வந்தது? உயவுநெய்த் தோய்கோல் என்றால் குறையே இராது.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

———

ஐயாவுக்கு வணக்கம்.

தேங்காய் எண்ணெய் என்று வாய் சொன்ன அன்றே எள் போய்விட்டது. மண்ணெண்ணெய் வந்தபோது அதை யாரும் தேடவும் இல்லை. அதை விடுங்கள்.

நான் வாகனப் பழுதுபார்ப்பு சொல்லித்தருகிறவள். "தோய்கோலை எடு" என்றால் பிள்ளைகள் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர்கள் வாயில் அது டிப்ஸ்டிக். அவசரத்தில் ஆயில் ஸ்டிக். அதோடு கோல் என்றால் நிமிர்ந்து நிற்க வேண்டும் இல்லையா? இது மெல்லிய தகடு, அல்லது கம்பி. வளைந்த குழாய்க்குள் தானும் வளைந்துகொண்டு இறங்கும். அரசர் கையில் இருந்தால் நீங்களே அதைக் கொடுங்கோல் என்பீர்கள்.

பெரிய குறை வேறு. தோய்வது அதன் வேலையே இல்லை. குழம்புக் கரண்டியும்தான் தோய்கிறது. இதன் வேலை அதிலிருக்கும் இரண்டு கோடுகள். ஆயில் கீழ்க்கோட்டுக்கு இறங்கக்கூடாது, மேல்கோட்டைத் தாண்டக்கூடாது. பல கார்களில் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 1 லிட்டர் கொள்ளும். ஆகவே சொல்லில் மட்டம் இருக்க வேண்டும். மட்டக்கம்பி என்பது என் பரிந்துரை.

– பணிமனை ஆசிரியை

———

யாராவது "மசகு எண்ணெய்" என்று போட முதல் ஒரு எச்சரிக்கை. உங்களில் பலருக்கு அது எஞ்சினில் ஊற்றுவது. இலங்கைச் செய்தித்தாள் படித்து வளர்ந்த எனக்கு அது நிலத்தடியில் இருந்து வருவது, நீங்கள் கச்சா எண்ணெய் என்பீர்களே, அது. "மசகு எண்ணெயின் மட்டத்தைச் சரிபார்க்கவும்" என்றால் நான் கிணறு தோண்டத்தான் போவேன்.

ஆயில் என்றே விட்டால் என்ன?

– கடல் தாண்டி வாசிக்கிறவன்

———

ஏன் இவ்வளவு சுற்று? வெப்பமானி இருக்கிறது, எண்ணெய்மானி என்று போட்டுவிட்டுப் போகலாமே. மென்பொருள் சொற்பட்டியலில் நாங்கள் இப்படித்தான் அரை மணி நேரத்தில் ஐம்பது சொல் முடிப்போம்.

– இடைமுகத் தமிழாக்கக்காரன்

———

அப்படி முடித்த ஐம்பதைத்தான் நாங்கள் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மானி என்றால் தானே அளவு காட்டும் கருவி. டாஷ்போர்டில் ஆயில் அழுத்தம் காட்டும் முள் ஒன்று இருக்கும். அதற்கு எண்ணெய் அழுத்தமானி என்று ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். இதையும் மானி என்றால் ஓட்டுகிறவர் அந்த முள்ளைப் பார்த்து "ஆயில் இருக்கிறது" என்று போய்க்கொண்டே இருப்பார். அழுத்தம் வேறு, இருப்பு வேறு.

– பணிமனை ஆசிரியை

———

மட்டக்கம்பி எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் சிக்கல் இன்னொரு பக்கமும் இருக்கிறது. "மாற்று டிப்ஸ்டிக்" என்று எழுதினால், டிப்ஸ்டிக்குக்குப் பதிலாக வேறு ஏதோ ஒன்று என்று பொருள்பட்டுவிடாதா? மாற்று வழி, மாற்று மருத்துவம் என்பதெல்லாம் அப்படித்தானே. "உதிரி டிப்ஸ்டிக்" என்றால் கையிருப்பில் இன்னொன்று என்று ஆகிவிடும். உடைந்ததன் இடத்தில் வைக்கும் அதே பொருள் என்று ஒரு சொல்லில் சொல்ல வழி இருக்கிறதா?

– மொழிபெயர்ப்பாளன்

———

தம்பி கேட்டதற்கு முதலில் இது. கையிருப்பில் இருப்பதை உதிரி என்பதே பிழை; உதிர்ந்து கிடப்பதுதான் உதிரி. புறநானூற்று 102ஆம் பாட்டில் ஔவையார் உப்பு வணிகரின் வண்டியைச் சொல்கிறார். பள்ளத்தில் இறங்குமோ, மேட்டில் ஏறுமோ, போகிற வழியில் என்ன நேரும் என்று யாருக்குத் தெரியும் என அவர்கள் அடிமரத்தில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதன் பெயர் சேம அச்சு. இத்தனை நூற்றாண்டுக்கு முன்பே உதிரிப்பாகத்துக்கு வண்டிக்காரர் சொல் வைத்திருக்கிறார். நாம் உதிரி, உதிரி என்று உதிர்த்துக்கொண்டிருக்கிறோம்.

மாற்று என்பதிலும் எனக்கு வருத்தம்தான். பத்தரை மாற்றுத் தங்கம் என்னும்போது அது தரம். இங்கே வந்து பதிலி ஆகிவிட்டது.

மட்டக்கம்பியை ஏற்பதற்கில்லை. சொல் தமிழே, மறுக்கவில்லை. ஆனால் கேட்பவர் காதில் மட்டமான கம்பி என்றுதான் விழும். "காருக்கு ஏற்ற மட்டக்கம்பியை வாங்கவும்" என்று நீங்களே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

———

படித்துப் பார்த்தேன். சிரித்துவிட்டேன். மட்டக்கம்பியைத் திரும்பப் பெறுகிறேன், ஐயா. சேம அச்சு எனக்குப் புதிது. வகுப்பில் ஸ்டெப்னி பற்றிச் சொல்லும்போது சொல்லப் போகிறேன்.

ஆனால் தம்பி, பெயர் எதுவாகவும் இருக்கட்டும், இயலின் உள்ளடக்கத்தைத் தவற விட்டுவிடாதீர்கள். நீளம் தவறிய கம்பி பொய் சொல்லும். சரியானதைவிட நீளமான கம்பியைப் போட்டால் அதன் கோடுகள் சம்ப்புக்குள், அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்குள், கூடுதல் ஆழத்துக்கு இறங்கிவிடும். குறைவான ஆயிலும் மேல்கோடு வரை நனைத்துக் காட்டும். நிறைய இருக்கிறது என்று நம்பி ஓட்டி பேரிங்கை இழப்பார்கள். கட்டையான கம்பி என்றால் தலைகீழ்: இருந்தும் இல்லை என்று காட்டும், மேலே மேலே ஊற்றுவார்கள், எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையைப் பம்ப் தள்ளினால் அழுத்தம் நிற்காது.

அதனால் "நீளத்தை அளக்கவும்" என்று மட்டும் எழுதினால் போதாது. நுனியிலிருந்து அளப்பது வீண். குழாய் வாயில் போய் உட்காரும் கழுத்துப் பகுதியிலிருந்து மேல்கோடு வரை எவ்வளவு என்பதுதான் கணக்கு. பழையது உடைந்திருந்தாலும் துண்டுகளைச் சேர்த்து வைத்து இதை அளந்துவிடலாம். துண்டு ஏதும் உள்ளே விழுந்திருந்தால் அதை எடுப்பது முதல் வேலை. பிளாஸ்டிக் பிடி சூட்டில் வெந்து வெந்து கடைசியில் பிஸ்கட் மாதிரி நொறுங்கும்.

இன்னொரு கண்ணி: பழைய காரில் சேசிஸ் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. இடையில் யாராவது எஞ்சினையே மாற்றியிருக்கலாம். எஞ்சினில் பொறித்த எண்ணைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஒன்றே ஆனாலும் சம்ப்பும் குழாயும் வேறாக இருந்தால் கம்பியும் வேறு. பழைய கம்பியில் பாக எண் குத்தியிருந்தால் அதிர்ஷ்டம். அந்த எண்ணுக்குப் பதிலாகப் பின்னால் புது எண் வந்திருக்கிறதா என்று பட்டியலில் பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகும் ஒரு சோதனை உண்டு. ஆயில் மாற்றும்போது முழுக்க வடித்து, ஃபில்டரையும் மாற்றி, கையேடு சொல்லும் அளவைச் சரியாக ஊற்ற வேண்டும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் சமதளத்தில் விட்டுப் பார்த்தால் ஆயில் மேல்கோட்டில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கம்பிதான் தப்பு. ரப்பர் வளையமும் இறுக்கமாக இருக்கட்டும். சில எஞ்சின்களில் அந்த வழியே காற்று இழுத்தாலே ஐடிலிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடுவது) தடுமாறும்.

– பணிமனை ஆசிரியை

———

அம்மா, உங்கள் மடலைப் படித்ததும் இரண்டு பத்திகளைத் திருத்தினேன். "கம்பியின் மொத்த நீளம்" என்று எழுதி வைத்திருந்தேன்.

கவனித்தீர்களா, மடல் முழுக்க நீங்கள் "கம்பி" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அதையே பிடித்துக்கொள்கிறேன். அளவுகம்பி. இயலின் தொடக்கத்தில் "டிப்ஸ்டிக் எனப்படும் அளவுகம்பி" என்று ஒருமுறை. பிறகு அளவுகம்பி மட்டும். மாற்று, உதிரி இரண்டும் வேண்டாம், "புதிய அளவுகம்பி" போதும். ஆயிலை ஆயில் என்றே விடுகிறேன். மறுப்பு இருந்தால் இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.

– மொழிபெயர்ப்பாளன்

———

சரி. ஆனால் தானியங்கி கியர் உள்ள வண்டியில் கியர் ஆயிலுக்கும் தனியாக ஒன்று இருக்கும். அங்கே "கியர் அளவுகம்பி" என்று பிரித்து எழுதுங்கள்.

– பணிமனை ஆசிரியை

———

பரவாயில்லை. எனக்கும் விளங்குது.

– கடல் தாண்டி வாசிக்கிறவன்

———

எண்ணெய்மானிக்கு என் ஓட்டு அப்படியே இருக்கிறது. பதிவுக்காக.

– இடைமுகத் தமிழாக்கக்காரன்

———

தம்பிக்கு,

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், என் சொற்பட்டியலில் தோய்கோல்தான் இருக்கும். ஒன்று மட்டும். உணவுப்பொருள், செலவுக்கணக்கு என்று மிகும்போது அளவுக்கம்பி என்றுதானே வர வேண்டும்? அளவுகோல் எப்படி மிகாமல் தப்பியது என்பது தனி வழக்கு. அதற்கு நாளை புது இழை தொடங்குகிறேன்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

———

ஐயா, கோப்பு போய்விட்டது.

– மொழிபெயர்ப்பாளன்